ஆறு வாளி டியூலிப்

காம்பன், 24 ஏப்ரல் 2012

திருமதி ப்ராண்ட்ஸ்மா அவர்களுக்கு,

வணக்கம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆகவே வணக்கம். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இனிமையாக எதுவும் இருக்காது.

போன வியாழக்கிழமை, பத்தொன்பதாம் தேதி காலையில், எஸ்பல் சாலையில் இருக்கும் உங்கள் தோட்டத்துக்கு வந்து, வாளிக்குக் காசு கொடுத்து, என் கையாலேயே ஆறு வாளி டியூலிப் வெட்டினேன். வாளிக்கு நாற்பது. என் மகள் ஃபெம்கேயின் திருமணத்துக்காக. கடையில் வாங்கியிருக்கலாம். மகள் மேஜையில் நிற்கிற பூவைத் தாய் தன் கையால் வெட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன், அதுதான் என் குற்றம்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மண்டபத்தில் இருபத்து நான்கு மேஜைகளிலும் பூவை வைத்தோம். சூப் பரிமாறும்போது ஒரு பூ கூட நிமிர்ந்து நிற்கவில்லை. இருநூற்று நாற்பது பூவும் கழுத்தொடிந்து மேஜை விரிப்பின் மேல் கிடந்தன. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி என்னிடம் வந்து, "இப்பல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்களா?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

வாளிகளின் அடியில் கொழகொழவென்று ஏதோ இருந்தது. அது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாஃபடில் பூவின் தண்டிலிருந்து வடிகிற சாறு. டியூலிப்புக்கு அது விஷம். முந்தின நாள் டாஃபடில் நின்ற வாளியைக் கழுவாமல் என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்குப் பணம் வேண்டாம். உங்கள் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட தாளில், உங்கள் கையெழுத்தோடு, "வாளி சுத்தமாக இல்லை, தவறு எங்களுடையது" என்று இரண்டு வரி வேண்டும். சீக்கிரம் வேண்டும்.

தீனேகே ஹோக்லாண்ட்

*

எஸ்பல், 27 ஏப்ரல் 2012

திருமதி ஹோக்லாண்ட் அவர்களுக்கு,

உங்கள் மகளுக்கு என் திருமண வாழ்த்துகள். அவளுக்கு மட்டும்.

பதினேழு வருடமாக இந்தத் தோட்டத்தை நடத்துகிறேன். வாசலில் நீல வாளியும் மஞ்சள் வாளியும் தனித்தனியாக அடுக்கியிருக்கும். நீலத்தில் டியூலிப், மஞ்சளில் டாஃபடில். நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்படி வாளியின் மேல் படம் வரைந்து வைத்திருக்கிறேன். செய்யாத தவறுக்குக் கையெழுத்துக் கேட்கிறீர்களே, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?

பூ வாடியது என்றால் முதலில் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டில் நிறம் ஏறத் தொடங்கும்போதே வெட்டினீர்களா, அல்லது விரிந்த பூவின் அழகைப் பார்த்து மயங்கினீர்களா? கீழ்த்தண்டின் வெள்ளைப் பகுதியை நீக்கினீர்களா? கழுத்து வரை செய்தித்தாளில் இறுகச் சுற்றி, இரண்டு மணி நேரம் நேராக நிறுத்தி வைத்தீர்களா? தண்ணீர் மூன்று விரல் ஆழத்துக்கு மேல் போகாமல் பார்த்தீர்களா? பூ இருந்த கொட்டகையில் ஆப்பிள் கூடை எதுவும் இல்லையே? பழம் பக்கத்தில் இருந்தால் டியூலிப் ஒரே நாளில் கிழவியாகிவிடும்.

ஆனால் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உங்களை நன்றாகவே நினைவிருக்கிறது. பச்சை மழைக்கோட்டு. எங்கள் கத்தி மொட்டை என்று சொந்தக் கத்தி கொண்டு வந்தவர். மூன்றாவது வரிசையில் நின்ற ஜெர்மன் தம்பதியைப் பிடித்து, "ரெண்டையும் ஒண்ணா வெச்சிடாதீங்க, டாஃபடில் டியூலிப்ப கொன்னுடும்" என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினீர்கள். அவர்கள் எதுவும் வெட்டாமலேயே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நீங்களும் ஒரு மஞ்சள் வாளி எடுத்து டாஃபடில் வெட்டிக்கொண்டு போனீர்கள்.

காகிதம் எதுவும் வராது.

ஹில்லி ப்ராண்ட்ஸ்மா

*

காம்பன், 30 ஏப்ரல் 2012

திருமதி ப்ராண்ட்ஸ்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் காபி ஆறிப்போனது.

ஆப்பிள் கூடையா? என் கொட்டகையிலா? என் அம்மா ஆல்ஸ்மீரில் பூ ஏலக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். செய்தித்தாள் சுற்றுவதை நீங்கள் எனக்குச் சொல்லித் தருகிறீர்கள். டாஃபடில் என் சமையலறை ஜன்னலுக்கு, தனி ஜாடியில். வெட்டியது குற்றமா?

காகிதம் ஏன் கேட்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஃபெம்கே எனக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அப்பா இறந்துவிட்டார். முப்பத்து மூன்று வயது வரை என்னோடுதான் இருந்தாள். போன வருடம் யெல்லெ என்ற ஒருவரைக் கண்டுபிடித்தாள். செயற்கைப் புல் விரிப்பவர். பச்சை பிளாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து ஊரார் வீட்டு முற்றத்தையெல்லாம் மூடிவிட்டுப் போகிறவர். அதைப் பற்றி என் கருத்தை அவளிடம் சொன்னேன். ஒருமுறை மட்டும் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

திருமணத்தன்று பூக்கள் விழுந்ததும் ஃபெம்கே நேராக மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனாள். காலி வாளிக்குள் கையை விட்டாள். விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கல்யாண உடையோடு என் முன்னால் வந்து நின்றாள். "வேற யார் செஞ்சிருந்தாலும் தெரியாம நடந்த தப்புன்னு விட்டிருப்பேன்மா. நீ செஞ்சா அது தெரியாம நடந்தது இல்ல" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆறேழு பேர் காதில் விழுந்தது, அது போதும்.

அதற்குப் பிறகு அவள் தொலைபேசியை எடுப்பதில்லை. இரண்டு தபால் அட்டை போட்டேன், பதில் இல்லை. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்கிறாள். பெற்ற மகளின் கல்யாணத்தை. இப்போது புரிகிறதா, எனக்கு அந்த இரண்டு வரி எதற்கென்று? நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி சொன்னால் நம்புவாள்.

நான் கதை விடுகிறேன் என்று தோன்றினால் நீங்களே அவளுக்கு எழுதிக் கேளுங்கள். ஃபெம்கே ஹோக்லாண்ட், ஹார்தர் தெரு 41, ஸ்வோல்லெ. பிரிக்கிறாளா பார்ப்போம்.

உங்கள் நீல வாளி, மஞ்சள் வாளிப் படங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தீனேகே ஹோக்லாண்ட்

*

எஸ்பல், 5 மே 2012

அன்புள்ள திருமதி ஹோக்லாண்ட்,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொள்வது என் நாத்தனார் வீப்கே. உங்கள் கடிதம் வந்த அன்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் "எல்லாம் கழுவித்தான் வெச்சேன்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். நீங்கள் வந்ததற்கு முந்தின நாள் புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். படம் வரைந்தது பிள்ளைகளுக்காகத்தான், ஆனால் எந்தப் பிள்ளை படத்தைப் பார்க்கிறது? நீல வாளியில் டாஃபடிலைத் திணித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் வீப்கே அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியை அப்படியே அடுக்கிவிட்டாள். சலவைச் சோடா போட்டுத் தேய்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எந்தத் தாளிலும் எழுத முடியாது. ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டாயே என்று வீப்கேயைக் கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். உங்களிடம் வாய்க்கு வந்தபடி பேசியதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆப்பிள் கூடையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. இரண்டு வரி கேட்டீர்கள், பத்து வரி எழுதியிருக்கிறேன். உங்கள் மகளுக்கு எழுதச் சொல்லி முகவரியும் கொடுத்திருந்தீர்கள், ஆகவே அவளுக்கும் அதையே நேற்றுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவள் உங்களிடம் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் என் கணக்கில் ஏறுகிற மாதிரி இருக்கிறது.

வாசலில் ஒரு பலகையும் வைத்திருக்கிறேன். "ஏப்ரல் 19 அன்று எங்கள் வாளிகள் சுத்தமாக இல்லை. டியூலிப் வாடியவர்கள் திரும்ப வந்து வெட்டிக்கொள்ளலாம். வெட்கத்துடன், ப்ராண்ட்ஸ்மா குடும்பம்." பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் படித்துவிட்டுப் போகிறார். தினமும். படிக்கட்டும்.

மனவருத்தத்தோடும் மரியாதையோடும்,
ஹில்லி ப்ராண்ட்ஸ்மா

*

காம்பன், 15 மே 2012

ஹில்லி அவர்களுக்கு,

யார் உங்களை அவளுக்கு எழுதச் சொன்னது? கோபத்தில் ஒருத்தி "நீயே கேட்டுக்கொள்" என்றால் உடனே உறையை எடுத்து முகவரி எழுதிவிடுவதா? இந்த நாட்டில் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

எட்டாம் தேதி மாலை ஃபெம்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டாள். "சாரிமா" என்றாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். நான், பரவாயில்லை, விடு, என்றேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு, பாருங்கள். அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் எஸ்பல் வந்தேன். உங்களைப் பார்க்க அல்ல. அந்தப் பலகையைப் பார்க்க. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். இரண்டு பெண்கள் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். ஒருத்தி, "அய்யய்யோ, ஹில்லியா? அவங்க தோட்டத்துலயா?" என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். நான் அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன்.

பலகையை எடுத்துவிடுங்கள். உங்கள் வாளியில் என் பூக்கள் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு தண்டின் நுனியையும் மறுபடி சாய்வாக வெட்டி, என் சொந்தத் துத்தநாக வாளிகளுக்கு மாற்றிவிட்டேன். வியாழன் மாலை ஆறு மணிக்கு இருநூற்று நாற்பது டியூலிப்பும் விறைப்பாக நின்றன. கையில் எடுத்து உரசினால் கீச்சென்று சத்தம் வந்தது. அவ்வளவு புதுசு.

அந்த மாலை ஃபெம்கே காபி குடிக்க வந்தாள். குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸேலாந்துல வீடு வாங்கிட்டோம்மா. ஜூன்ல போயிடுவோம். சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். மூன்று மணி நேரப் பயணம். பத்திரம் மார்ச்சிலேயே எழுதியாகிவிட்டதாம். மார்ச்சிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் எதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள் தெரியுமா? நல்லது, கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளும், என்றேன்.

அவள் போன பிறகு டாஃபடில்களை எடுத்தேன். நுனியை வெட்டி, சாறு வடிய வடிய, முதல் வாளியில் ஐந்து வைத்தேன். பிறகு அடுத்த வாளியில். வெள்ளிக்கிழமை மாலை டாஃபடில்களை மட்டும் எடுத்து, சாறு புதிதாக வடியட்டும் என்று நுனியை மறுபடி வெட்டி மறுபடி வைத்தேன். சனிக்கிழமை காலையில் டாஃபடில்களைக் குப்பையில் போட்டேன். ஏதோ நினைப்பில் கை தவறிவிட்டது என்று முதல் வாளிக்குச் சொல்லலாம். ஆறாவது வாளிக்கு என்ன சொல்வது?

ஃபெம்கேயிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் பேசுகிறாள். ஜூனில் போய்விடப் போகிறாள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தீனேகே

*

எஸ்பல், 17 மே 2012

தீனேகே,

வணக்கம் இல்லை.

உங்கள் மகளுக்கு நான் எதுவும் எழுத மாட்டேன். அது என் வேலை இல்லை. நீங்கள் கெஞ்சியதற்காக அல்ல, ஒருமுறை எழுதி ஏமாந்தது போதும்.

வீப்கேக்கு அறுபத்து நான்கு வயது. பதினேழு வருடம் சம்பளம் வாங்காமல் வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து மழையிலும் அந்த வாசலில் உட்கார்ந்தவள். இரண்டாம் தேதிக்குப் பிறகு அவள் இங்கே காலடி வைக்கவில்லை. ஒரு வாளியைத் தேய்க்காமல் விட்டதற்கு ஒரு திட்டு போதும். நான் அவளிடம் சொன்னது என்ன தெரியுமா? "ஒரு தாயையும் மகளையும் பிரிச்சுட்ட" என்று சொன்னேன். அவள் ஏப்ரனைக் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அந்த வார்த்தையை எனக்கு எடுத்துக் கொடுத்தது நீங்கள். அந்த நேரத்தில் நீங்கள் காம்பனில் உட்கார்ந்து, தபால்காரர் வருகிறாரா என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மகள் சொல்லாமல் வீடு வாங்கினாள் என்று உங்களுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். என் மகன் கனடா போனபோது விமான நிலையத்திலிருந்து சொன்னான். அவனை இரண்டு மாதம் திட்டினேன், முகத்துக்கு நேராக, அவன் காதுபட, ஊர் கேட்க. அதுதான் கோபம். பூவிடம் காட்டுவதற்குப் பெயர் வேறு.

பலகையை எடுக்க மாட்டேன். அதில் இருப்பது இப்போது என் வெட்கம் இல்லை, உங்கள் பொய். என் பெயரில் என் வாசலில் நிற்கிறது. நீங்கள் அவளிடம் சொல்கிற நாள் வரை நிற்கும். டிராக்டர்காரர் வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

இன்று மாலை வீப்கே வீட்டுக்குப் போய் அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நீங்கள் எப்போது போகப் போகிறீர்கள்?

ஹில்லி

*

காம்பன், 20 மே 2012

ஹில்லி,

நேற்றுப் போனேன்.

தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். மூன்று முறை எண்ணைச் சுழற்றி மூன்று முறையும் வைத்துவிட்டு, ரயில் ஏறினேன். ஸ்வோல்லெ நிலையத்தில் பூக்கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. ஒரு வீட்டுக்குப் போகும்போது கையில் பூ இல்லாமல் போனது எனக்கு நினைவே இல்லை. ஆனால் எந்த முகத்தோடு வாங்குவது? வாங்கவில்லை.

வீடெல்லாம் பெட்டி. ஃபெம்கே தலையில் துணி கட்டிக்கொண்டு பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கோட்டைக் கழற்றவில்லை. வாசற்படியிலிருந்தே சொன்னேன். டாஃபடில், ஆறு வாளி, வெள்ளிக்கிழமை மறுபடி வெட்டியது, எல்லாம். வீப்கேயைப் பற்றியும் சொன்னேன். கோபத்தில் செய்தேன் என்று சொன்னேன். மார்ச்சிலிருந்து சொல்லாமல் இருந்தாயே என்றும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அவள் கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தம்மா கடிதம் வந்த அன்னிக்கே தெரியும். அடுத்தவங்க வாளிய நீ வீட்டுக்குள்ளயே விடமாட்ட. அதுல ராத்திரி பூராவும் பூவ வெச்சியாம், நான் நம்பணுமாம்."

அப்படியென்றால் எதற்காகப் பதினொரு நாளாகத் தினமும் கூப்பிட்டு அம்மா, அம்மா என்று பேசினாய் என்று கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, ஹில்லி. என்னை அந்தப் பாடுபடுத்திவிட்டு இவள் தட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"நீ சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன். தினமும், இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு பார்த்தேன். நீ வானிலையைப் பத்திப் பேசுன."

அப்போது உள்ளேயிருந்து யெல்லெ வந்தார், கையில் ஒரு விளக்கோடு. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். மனிதர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "சரி, தோத்துட்டேன்" என்றார்.

இரண்டு பேரும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். என் மேல். சாகும் வரை சொல்ல மாட்டேன் என்று அவர் கட்டியிருக்கிறார். வீடு மாறுவதற்குள் சொல்லிவிடுவேன் என்று இவள். தோற்றவர் இந்த வருடம் முழுக்க ஜன்னல் துடைக்க வேண்டுமாம். பெற்ற தாயை வைத்து. நான் அங்கேயே இருவரையும் கேட்கிற கேள்வி கேட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஃபெம்கே அழுதாள். கல்யாணத்தன்று அழாதவள். "அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். சொன்னாள். அதை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. அரைமணி நேரம் சொன்னாள், நான் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கதவு வரை வந்தாள். ஜூன் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுக்கு வா, யெல்லெ நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவார் என்றாள். நான் படி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா. பூ மட்டும் கொண்டு வராத."

வீப்கே அவர்களின் முகவரியை அனுப்புங்கள். அவருக்கு நானே எழுத வேண்டும்.

தீனேகே